வரிசையில் ஐந்து ஆவிகள்

என் மச்சானுக்கு எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற யார்டில் வெல்டராக இருக்கிறான். இரும்பை இரும்போடு ஒட்டத் தெரிந்தவனுக்குச் சீர் வைக்கத் தெரியவில்லை. என் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது தாய்மாமன் சீர் என்று மேளத்தோடு வந்தான். பட்டுப் பாவாடை, வளையல், மாதுளம்பழம், லட்டு என்று தட்டுத் தட்டாக இறங்கியது. கடைசித் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் கையில் வைத்து ஆடுகிற ஒரு வீடியோ கேம் மிஷின். பர்மா பஜாரில் வாங்கினானாம். மிஷினுக்கும் ஒரு பொட்டு குங்குமம் வைத்திருந்தான்.

"இன்னாடா இது, சீர்ல ரிமோட்டு?" என்றார் என் சித்தப்பா. "டிவி பின்னால லாரில வருதா?"

சபையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. என் பெண் மட்டும் பட்டுப் பாவாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் தலை நிமிர்ந்து பேசிப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

அந்த மிஷின் இந்த வருஷம் என் லாரியில் ஏறியது. ஏறி என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். மணலி, மாத்தூர் பக்கத்துக் கிடங்குகளில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்க வேண்டும். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. சைக்கிளில் டீ விற்கிற அக்கா அந்தத் தூரத்தைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் வருகிறார். எங்களுக்குத்தான் வரிசை. ஒரு பக்கம் கடல், கருங்கல் கொட்டிய கரை. இன்னொரு பக்கம் தூசி. நடுவில் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் டிரெய்லர்கள். இந்த ரோட்டுக்கு விரைவுச் சாலை என்று பெயர் வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் ஒரே ஒரு நாள் என் சீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

வரிசைக்கென்று சட்டம் உண்டு. எழுதியது யார் என்று தெரியாது, மீறினால் அடிப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முன்வண்டிக்கும் நம் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடம்தான் விட வேண்டும். முன்வண்டிக்காரர் தூங்கிப் போனால் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். அவர் கும்பகர்ணனாகவே இருந்தாலும் ஒதுங்கி முந்திப் போகக் கூடாது. பக்கத்துச் சந்திலிருந்து எவனாவது மூக்கை நுழைத்தால் முன்னும் பின்னும் இருக்கிற அத்தனை பேரும் இறங்க வேண்டும். இறங்கும்போது கையில் வீல் ஸ்பேனர் இருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தில் மட்டும் நான் கொஞ்சம் கூடுதல் ஆர்வம் காட்டுகிறவன்.

போன வருஷம் என் பெண் ஒன்பதாவது முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் என் முன்னால் வண்டியை நுழைத்தான். நான் இறங்கினேன். அவனும் இறங்கினான். அவனுடைய ஸ்பேனர் பெரியது. மண்டையில் தையல் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது என் பெண் யூனிபார்மோடு ஓடி வந்தாள். தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் கணக்குப் பரீட்சையில் பாதிக் கேள்விகளைத் தொடாமலே வந்துவிட்டாள். தப்பு அவன் மேல்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் அதை என் மனைவியிடம் சொல்ல முடியாது. அவள் திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள்.

"பத்தாவது பரீட்ச வருது," என்றாள் இந்த வருஷம். "இந்த வாட்டியும் உன்னால பொண்ணு கணக்குல கோட்ட வுட்டுச்சுன்னு வெச்சிக்கோ, ஸ்பேனரெல்லாம் வோணாம். என் அருவாமணையே போதும்."

எனக்கும் உள்ளூர உதறல்தான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவர் யாரும் இல்லை. அவள் நன்றாகப் படிக்கிறவள், கணக்கு மட்டும் பயந்து பயந்து போடுவாள். அந்த ஒரு பரீட்சையை அவள் நிம்மதியாக உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். அந்த மாதம் எங்கள் வீட்டில் சாமிக்கு ஏற்றிய கற்பூரம் அத்தனையும் அதற்குத்தான்.

பரீட்சைகள் தொடங்குவதற்கு முந்தின நாள் காலையில் நான் வண்டிக்குக் கிளம்பும்போது என் பெண் மிஷினைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நைனா, இத்த உன்கூட வெச்சிக்கோ. கணக்குப் பரீட்ச முடியற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்."

"குடு, சீட்டுக்கு அடில போட்டு வெக்கிறேன்."

"போட்டு வெக்கக் கூடாது. ஆடணும்."

அப்புறம்தான் விளக்கினாள். உள்ளே ஐந்து ஆவிகள் இருக்கின்றனவாம். கண்ணாடி உடம்பு, வயிற்றில் ஒரு சுடர். ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாக நடக்கும். நமக்கு ஒரு குடைக்கார பொம்மை. அதை முன்னால் ஓட்டிப்போய்ப் பள்ளத்தில் பலகை போட வேண்டும், காற்று அடித்தால் குடை பிடிக்க வேண்டும், முள் இருந்தால் நகர்த்த வேண்டும். ஆவி விழுந்தால் உடைந்துவிடும். உடைந்தது உடைந்ததுதான், திரும்ப வராது. சரி, ஆடாமல் பத்திரமாக மூடி வைத்தால்? அதுவும் ஆகாது. தினம் ஒரு கட்டமாவது தாண்டவில்லை என்றால் சுடர் மங்கி மங்கி அணைந்துவிடும்.

"ஆவியா? அம்மன் படம் மாட்டிகீற வண்டில ஆவிய ஏத்த சொல்றியா?"

"இது நல்ல ஆவி நைனா."

"நல்ல ஆவின்னா அது இட்லிப் பானைல வர்றதுதான். வேற எந்த ஆவியும் எனக்கு வோணாம்."

"நான் கஷ்டப்பட்டு வளத்துகீறேன் நைனா. ஒண்ணு ஒடஞ்சாலும் எனக்கு மனசு பூடும். அப்பால படிப்பே ஏறாது."

படிப்பு ஏறாது என்றதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"இன்னொண்ணு," என்றாள். "ஆடறப்ப பாதில வுட்டுட்டு எறங்கக் கூடாது. எவன் இன்னா பண்ணாலும் எறங்கக் கூடாது. எறங்குனா ஒடஞ்சிடும்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக அந்த ஐந்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் ஆபீஸில் இரண்டு வண்டிகள் எப்போதும் சேர்ந்தே லோடு ஏற்றும். முன்னால் போகிறவர் வியாசர்பாடிக்காரர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன். மீசையைப் பார்த்தால் எதிரில் வருகிறவன் தானாக ஒதுங்குவான். ஆனால் பேய் என்ற பேச்சை எடுத்தால் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொள்வார். முதல் நாள் வரிசை நின்றதும் வழக்கம்போல் இரண்டு டீயோடு என் கேபினில் ஏறினார்.

"இன்னா மாமே, உள்ள லைட்டெல்லாம் நடந்துகினு போவுது?"

"ஆவிண்ணே."

டீயோடு இறங்கிவிட்டார். என் டீயையும் கொண்டுபோய்விட்டார். கீழே நின்று அண்ணாந்து கேட்டார்.

"எத்தினி?"

"அஞ்சு."

"எல்லாம் ஒரே ஆக்சிடென்டா?"

கொஞ்ச நேரத்தில் அவர் வண்டியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து மிஷினின் மேல் வைத்தார். அது பட்டனை அமுக்கித் தொலைத்தது. குடைக்காரன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தான், ஐந்தும் அவன் பின்னால் பள்ளத்தைப் பார்த்து நடந்தன. நான் கத்திய கத்தலில் எலுமிச்சம்பழம் ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போயிற்று.

ஆனால் மனுஷனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. மறுநாளே ஐந்துக்கும் பெயர் வைத்தார். முன்னால் போகிற தடியன் நாப்பதடி கன்டெய்னர், சுருக்கமாக நாப்பதடி. அடுத்தது டேங்கர், அதற்கடுத்தது டிப்பர், பிறகு வேன். கடைசியில் தத்தித் தத்தி வருகிற சின்னதுக்குக் குட்டியானை என்று பெயர். தெருவில் தண்ணீர் கேனும் கட்டிலும் ஏற்றிக்கொண்டு ஓடுமே, அந்தச் சின்ன வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர்.

வரிசையில் மாட்டினால் வீட்டுக்குப் போக முடியாது, ராத்திரித் தூக்கமும் கேபினில்தான். சாயங்காலம் ஆனால் என் பெண் போன் செய்வாள்.

"எத்தினி கீது நைனா?"

"அஞ்சும் கீது."

"சரி, வெச்சிடறேன். படிக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கமாட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெற்ற அப்பனைவிடக் கண்ணாடிப் பொம்மை பெரிதாகப் போயிற்றா?

தமிழ் முடிந்தது, இங்கிலீஷ் முடிந்தது. ஆவிகளும் தினம் ஒரு கட்டம் தாண்டின. முள்ளுக்காடு, சுழல் காற்று, எல்லாவற்றையும் தாண்டினோம். வாழ்நாளெல்லாம் நீள வண்டியைச் சந்துக்குள் திருப்பியவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. கணக்குப் பரீட்சைக்கு முன்னால் சில நாள் லீவு விட்டார்கள். சரியாக அந்த லீவில்தான் பாலம் வந்தது.

ஒரு பள்ளம். அதன்மேல் உளுத்துப்போன பலகைப் பாலம். நாப்பதடி ஏறும்போதே முனகும். டேங்கர், டிப்பர், வேன் எல்லாம் போனபிறகு குட்டியானை காலை வைக்கும், பலகை 'படக்'கென்று விடும். அந்தச் சத்தம் கேட்ட கணத்தில் பிகில் பட்டனை அமுக்கினால் எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்துவிடும். அமுக்கத் தவறினால் குட்டியானை காலி. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். கட்டை விரலில் காய்ப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் பார்த்து வரிசையும் அசையவில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த டிரைவர்களுக்கு அவல் கிடைத்தது. என் கேபின் வாசலில் ஒரு கூட்டம் நின்று யோசனை சொல்லும். வேகமாக ஓட்டு என்பான் ஒருவன். மெதுவாக ஓட்டு என்பான் இன்னொருவன். பாரத்தைக் குறை என்றான் ஒரு மேதாவி. ஆவியிடம் என்ன பாரத்தைக் குறைப்பது? டீ அக்கா சைக்கிளில் சாய்ந்தபடி, "பாலத்துக்குக் காவு எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டார். அண்ணன் உடனே போய் ஒரு பூசணிக்காயை வாங்கி வந்து, கற்பூரம் கொளுத்தி, மிஷினை மூன்று சுற்று சுற்றி, ரோட்டில் போட்டு உடைத்தார். பின்வண்டிக்காரன் அதில் வழுக்கி விழுந்து என் பரம்பரையையே திட்டினான். பாலம் அப்போதும் 'படக்'.

கட்டம் தாண்டாததால் சுடர் மங்க ஆரம்பித்தது. முதலில் குண்டு பல்பு மாதிரி இருந்தது ஊதுபத்தி நுனி மாதிரி ஆனது. குட்டியானையின் வயிற்றில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"எத்தினி கீது நைனா?"

"அஞ்சும் கீது."

"பளிச்சுனு கீதா?"

"ஜெகஜ்ஜோதியா கீதும்மா."

போனை வைத்தபிறகு விரல் விட்டு நாள் எண்ணினேன். கணக்குக்கு இன்னும் ஒரு நாள்தான். இது அணைந்தால் நான் பொய் சொல்லிச் சமாளிக்க முடியாது, என் குரலே காட்டிக் கொடுத்துவிடும். அவள் மறுபடி பாதிக் கேள்வியை விட்டுவிட்டு வருவாள். கையாலாகாத கோபத்தில் ஸ்டீயரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடித்தது. முன்னால் வரிசை நகர்கிறது என்று நினைத்து பத்து வண்டிக்காரர்கள் இன்ஜினைக் கிளப்பினார்கள்.

மறுநாள், அதாவது கணக்குக்கு முந்தின நாள் மத்தியானம். ஒதுங்கிவிட்டு வரலாம் என்று மிஷினை அண்ணன் கையில் கொடுத்து இறங்கினேன். "எதையும் தொடாதே, புடிச்சிகினு மட்டும் இரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும்போது கேபினுக்குள் ஒரே கூச்சல்.

"ஏய்! ஏய்! லைன்ல வாடா! எங்க பூர்ற? கஸ்மாலம், லைன்ல வாடா!"

எவனோ வண்டியை நுழைக்கிறான் என்று நினைத்து ஸ்பேனரைத் தேடினேன். பார்த்தால் அண்ணன் மிஷினைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் தொடை பட்டு ஓரத்தில் இருந்த மஞ்சள் பட்டன் அமுங்கியிருக்கிறது. நாங்கள் அதுவரை தொடாத பட்டன். அமுங்கியதும் குட்டியானை வரிசையை விட்டு விலகி, வேனை ஒதுக்கி, டிப்பரைத் தாண்டி, நாப்பதடிக்கும் முன்னால் ஓடியிருக்கிறது. தனியாகப் பாலத்தைக் கடந்தும்விட்டது. எதிர்க் கரையில் ஒரு சின்னப் பொந்து, அதற்குள் அது நுழைந்து நின்றதும் பாலத்துக்கு அடியில் புதுப் பலகைகள் வரிசையாக முளைக்கத் தொடங்கின. அதையும் அண்ணன் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு என்ன செய்தார்? பிகில் அடித்து எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்துவிட்டார்.

"நல்ல வேல செஞ்சண்ணே," என்றேன் நான்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எனக்கும் ரத்தம் கொதித்தது. கடைசியில் நிற்கிறவன் கடைசியில்தான் போக வேண்டும். சின்னவன் என்றால் சட்டம் இல்லையா? இன்றைக்கு இவனை விட்டால் நாளைக்கு வேன் கேட்கும், டிப்பர் கேட்கும். நாங்கள் இரண்டு பேரும் குட்டியானையை மறுபடி கடைசியில் நிறுத்தி, பழையபடி பாலத்தில் ஏற்றினோம். 'படக்'. பிகில்.

அப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மாமே," என்றார் அண்ணன் மெதுவாக. "அது போனப்ப பலக மொளச்சுதுல்ல?"

"மொளச்சுதா?"

"மொளச்சுது."

"அப்ப அத்த முன்னால வுட்டாத்தான் பாலம் தாங்குமா?"

"அதுக்குன்னு? லைன் கட் பண்றதுக்கு நாமளே பட்டன் அமுக்கணுமா? நாளைக்கு எவனா பூந்தா எந்த மூஞ்ச வெச்சிகினு கேப்ப?"

கேட்டது நியாயம். ஆனால் திரையில் சுடர் சாகப்போகிறது. என் பெண் வீட்டில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், சாயங்காலம் போன் செய்வாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் சட்டத்தில் ஒரு ஓட்டையாவது இருக்காதா என்று யோசித்தேன். அப்போது பளிச்சென்று தட்டியது.

"அண்ணே, ஆம்புலன்சு வந்தா இன்னா பண்ணுவோம்?"

"வழி வுடுவோம். அது சாவு பொழப்பு மேட்டராச்சே."

"இது மட்டும் இன்னா? சொடரு அணையப் போவுது. சாவப் போற உசுரு. அப்ப குட்டியான இன்னிக்கு ஆம்புலன்சு."

அண்ணன் மீசையைத் தடவி யோசித்தார். கீழே நின்ற கூட்டத்தைக் கேட்டார். கூட்டம் விவாதித்தது. ஆம்புலன்சுக்கு விடலாம், ஆனால் சைரன் இல்லாமல் விடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. சைரன் இல்லாத ஆம்புலன்சு காய்கறி ஏற்றிப் போகிற திருட்டு வண்டி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நான் குடுக்கிறேன் சைரனு," என்றார் அண்ணன்.

மஞ்சள் பட்டனை அமுக்கினேன். அமுக்கியபடியே பிடித்திருந்தால்தான் குட்டியானை முன்னால் நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. விட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப ஓடப் பார்க்கிறது. அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க, "ஊய்ங்... ஊய்ங்... ஊய்ங்..." என்று ஆரம்பித்தார். குட்டியானை வேனைத் தாண்டியது. "ஒதுங்கு, ஒதுங்கு, வழி வுடு!" என்று கீழே இருந்தவர்கள் கைகாட்டினார்கள். பாலத்தில் ஏறியது. பொந்துக்குள் போயிற்று. பலகைகள் முளைத்தன. நாப்பதடி காலை எடுத்து வைத்தான்.

சரியாக அந்த நேரம் வரிசை நகர்ந்தது.

முன்னால் இருந்த வண்டிகள் உருண்டு போயின. அண்ணனின் வண்டி மட்டும் ஆளில்லாமல் நின்றது. அதற்கு முன்னால் ஒரு டிரெய்லர் தாராளமாக நுழையும் இடம் திறந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு புத்தம் புது சிவப்பு வண்டி மூக்கை நீட்டியது.

அண்ணன் கண் பிதுங்கியது. "ஊய்ங்" பாதியில் நின்றது. கதவைத் திறந்து குதிக்கப் போனவரின் சட்டையை ஒற்றைக் கையால் பிடித்தேன்.

"சைரன நிறுத்தாதேண்ணே!"

"டேய், என் வண்டிக்கு முன்னால பூர்றான்டா!"

"ஆம்புலன்சு போய்கினு கீதுண்ணே! நிறுத்தாதே!"

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. "யோவ், எறங்குய்யா! ஸ்பேனர எட்றா! செத்துட்டீங்களா உள்ள?" என்று கத்தினார்கள். என் காலடியில் ஸ்பேனர் கிடந்தது. காது மடல் சூடாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, என் கண் முன்னால், ஒருத்தன் சாவகாசமாக வரிசையில் நுழைந்து, இன்ஜினை அணைத்து, ஜன்னலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டான். நான் மஞ்சள் பட்டனை விடவில்லை. அண்ணன் கண்ணில் தண்ணீரோடு, சிவப்பு வண்டியைப் பார்த்துக்கொண்டே, "ஊய்ங்... ஊய்ங்..." என்றார். அவ்வளவு துக்கமான சைரனை நான் எந்த ஆம்புலன்சிலும் கேட்டதில்லை.

டேங்கர் போயிற்று. டிப்பர் போயிற்று. வேன் போயிற்று. ஐந்தும் அக்கரையில் நின்றன. ஐந்து வயிற்றிலும் சுடர் குப்பென்று எரிந்து திரையே மஞ்சளாகிவிட்டது. கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். விஷயம் தெரியாத பின்வண்டிக்காரர்கள் எங்கள் இருவரையும் பேமானி, சோமாரி என்று பாடித் தீர்த்தார்கள். அன்றைக்கு மாலை போன் வந்தபோது, "அஞ்சும் கீது, பளபளன்னு கீது" என்று சத்தியமாகவே சொன்னேன். "சரி, படிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் லோடை இறக்கிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. கணக்கு எழுதிவிட்டு வந்து என் பெண் வாசற்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். என் மனைவி உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எப்படி எழுதுன?"

"ஒரு கேள்வி கூட வுடல நைனா."

எனக்கு அங்கேயே நாலு குத்தாட்டம் போட வேண்டும்போல் இருந்தது. மிஷினை எடுத்து, திரையைச் சட்டையில் துடைத்து, சீர்த்தட்டு நீட்டுகிறமாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எண்ணிப் பாத்துக்கோ. அஞ்சும் முழுசா கீது. இதுக்கு நான் பட்ட பாடு நாய் படாது."

அவள் மிஷினைப் பார்க்கவே இல்லை. முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என் தலையைக் குனிய வைத்துப் பார்த்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள்.

"சண்ட ஒண்ணும் இல்லியே?"

"சண்டையா? ஒருத்தன் பூந்தான். நான் எறங்கவே இல்ல."

"ம்," என்றாள். மிஷினை வாங்கி, ஆன் கூடச் செய்யாமல் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு மறுபடி முறுக்கை எடுத்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடியேய், நான் உசுரக் குடுத்துக் காப்பாத்திகினு வந்துகீறேன், தெறந்து கூட பாக்க மாட்டியா? அந்தப் பாலத்துல நான் எத்தினி நாளு தொங்குனேன் தெரியுமா?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். "யோவ், அந்த ஆட்டத்த அவ போன வருசமே முடிச்சிட்டாய்யா. இத்த உனக்காவ மொதல்லேர்ந்து புச்சா ஆரம்பிச்சு, நல்லா கஷ்டமான எடம் வர்ற வரைக்கும் ஆடி வெச்சா."

நான் என் பெண்ணைப் பார்த்தேன். அவள் முறுக்கைப் பார்த்தாள்.

"அப்ப குட்டியானைய முன்னால வுடணும்னு உனக்குத் தெரியுமா?"

"குட்டியானையா? அந்தச் சின்னதா? தெரியும்."

"சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"சொல்லியிருந்தா அன்னிக்கே முடிச்சிருப்ப. அப்பால சும்மா குந்திகினு, எவனா பூந்தா எறங்கியிருப்ப. எனக்குக் கணக்குப் பரீட்ச நைனா."

தொப்பென்று படியில் உட்கார்ந்தேன். ஆனாலும் விடமுடியுமா? ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"எல்லாம் தெரிஞ்சிகினே, தினம் சாயங்காலம் போன் பண்ணி எத்தினி கீது எத்தினி கீதுன்னு கேட்டியே, அது இன்னாத்துக்கு?"

"நீ அஞ்சுன்னு சொல்லுவல்ல," என்றாள். "சொல்லசொல்ல உன் கொரலு நல்லா கீதான்னு கேப்பேன். நல்லா இருந்தா படிக்கப் போவேன்."

மீன் நாற்றம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கோபம் மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"போடி," என்றேன். அவள் முறுக்கில் பாதியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.